பேட்டரி ஆய்விலிருந்து தடயவியலுக்கு: வர நினைப்பவர்களுக்கு ஒரு கையேடு

லித்தியம் அயனி செல்லைச் செய்யத் தெரிந்தவருக்கு, எரிந்துபோன செல்லைப் படிக்கும் வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதி சட்டம், சாட்சி, முத்திரை, பொறுமை. அதை எங்கே, எப்படிக் கற்பது என்று பேட்டரி ஆய்வகங்களில் இருக்கும் இளையவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சித்தூர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, காட்பாடியில் இறங்கினால் மறுபடி தமிழ். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், நிக்கல் கூடுதலாக உள்ள கேத்தோடுகளை, அதாவது பேட்டரியின் நேர்முனைப் பொருள்களை, ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினேன். அப்புறம் திருப்பதிப் பக்கம் ஓர் ஆலையில், பழுதாகித் திரும்பி வரும் செல்களைப் பிரித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். இப்போது வேலூர், குடியாத்தம், பலமநேர், குப்பம் என்று எல்லையின் இரண்டு பக்கமும் தீ விபத்துகளில் பொருள் ஆய்வு செய்து கொடுக்கிறேன். காப்பீட்டு சர்வேயர்கள் கூப்பிடுவார்கள், வக்கீல்கள் கூப்பிடுவார்கள், எப்போதாவது காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு மின்ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது பற்றிய தீயில், புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க இப்படிப் பல வண்டிகள் எரிந்தன. வெடிபொருள், தீ பற்றி ஆராயும் பாதுகாப்புத் துறை ஆய்வகத்திடம் மத்திய அரசு விசாரணையை ஒப்படைத்தது. மின்வண்டிப் பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதி திருத்தப்பட்டு 2022 டிசம்பர் 1 அன்று முதல் கட்டமும், 2023 மார்ச் 31 அன்று இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. விதி வந்தது நல்லது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வீட்டில், ஒரு குறிப்பிட்ட இரவில், தீ பேட்டரியில் தொடங்கியதா, சுவர் சாக்கெட்டில் தொடங்கியதா என்பதை எந்த விதியும் சொல்லாது. யாராவது கரியைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் ஆய்வகங்களில் இருக்கிறார்கள், சம்பவ இடங்களில் இல்லை. நான் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் அதுதான்.

முதலில் கையைக் கட்டிப் பழகுங்கள்

ஆய்வகத்தில் மாதிரியைச் செய்வது நீங்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று செய்யலாம், காயின் செல் எனும் நாணய வடிவச் சோதனை செல்கள் நூறு ஓட்டி நல்ல வளைவைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே மாதிரியைச் செய்தது விபத்து. ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உங்களுடையது இல்லை. வண்டிக்காரருக்கும் கம்பெனிக்கும் காப்பீட்டாளருக்கும் நீதிமன்றத்துக்கும் அதில் பங்கு உண்டு. பேட்டரி ஆய்விலிருந்து வருபவர்களுக்கு மிகக் கடினமான மாற்றம் இதுவே. செல்லைப் பார்த்ததும் வெட்டத் தோன்றும். வெட்டக் கூடாது.

வரிசை இப்படி: கண்ணால் பார்ப்பது, அளவுகோல் வைத்துப் படம் எடுப்பது, எடை போடுவது, எக்ஸ்ரே, முடிந்தால் சி.டி. ஸ்கேன். இவையெல்லாம் முடிந்த பிறகும் கேள்வி பாக்கி இருந்தால் மட்டும் வெட்டுவது. வெட்டுவதற்கு முன் சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்து, வர விரும்புகிறவர் முன்னிலையில் வெட்ட வேண்டும். எதிர்த்தரப்பு நிபுணர் நாளைக்கு வந்து பார்க்க ஒரு பகுதியை விட்டுவையுங்கள். பல செல்களைச் சேர்த்துக் கட்டிய பேக்கில் எரியாமல் தப்பிய செல்கள் இருந்தால் அவை பொக்கிஷம். அவற்றின் மின்னழுத்தத்தைக் குறித்தாலே விபத்து நேரத்தில் பேக் எவ்வளவு சார்ஜில் இருந்தது என்று ஓரளவு தெரியும். 4.1, 4.2 வோல்ட் என்றால் நிறைந்த பேக், 3.6 பக்கம் என்றால் கதை வேறு. நிறைந்த செல் ஆவேசமாக எரியும், காலியான செல் அடங்கி எரியும். சாட்சி சொல்வதோடு இது ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

காரணமா, பலியா

நம்மிடம் வரும் கேள்வி எப்போதும் இதுதான்: பேட்டரி தீயை ஆரம்பித்ததா, வேறெங்கோ பற்றிய தீயில் பேட்டரியும் எரிந்ததா? இங்கேதான் பொருளறிவியல் படித்தவருக்கு மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் இடம் கிடைக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெப்பநிலை ஏணி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஏறக்குறைய 80 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஆனோடின், அதாவது எதிர்முனையின், மேல்படலம் சிதையத் தொடங்கும். இரண்டு முனைகளையும் ஒட்டவிடாமல் நடுவே இருக்கும் பிரிப்பான் பாலிஎத்திலீன் என்றால் 130 பக்கம் உருகும், பாலிபுரோப்பிலீன் 165 பக்கம். நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் கேத்தோடு 200-ஐத் தாண்டினால் ஆக்சிஜனை விடும். நிக்கல் கூடக்கூட இன்னும் சீக்கிரம் விடும். இரும்பு பாஸ்பேட் கேத்தோடு அதைவிடத் தாங்கும். இதே ஏணியைத் தீ முடிந்த பிறகு கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அலுமினியம் 660-இல் உருகும், தாமிரம் 1085-இல், செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை 1455-இல். பேக்கில் எந்த மூலையில் எது உருகியிருக்கிறது, எது உருகாமல் நிற்கிறது என்று ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், வெப்பம் எங்கே அதிகம் இருந்தது என்பது தெரியவரும். ஆனால் அதிகம் எரிந்த இடமெல்லாம் தொடங்கிய இடம் ஆகாது. காற்றோட்டம் இருந்த பக்கம் கூடுதலாக எரிந்திருக்கலாம்.

செல்லுக்குள் இருக்கும் சுருளைப் பிரித்ததும் தாமிரத் தகட்டில் ஓட்டை தெரியும். பார்க்கிறவர் உடனே “இதோ உள் ஷார்ட் சர்க்யூட்” என்பார். அவசரப்படாதீர்கள். அலுமினியமும் தாமிரமும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது 548 டிகிரியிலேயே இரண்டும் சேர்ந்து திரவமாகிவிடும். தாமிரத்தின் உருகுநிலையில் பாதிக்குச் சற்று மேல்தான் அது. செல்லுக்குள் அலுமினியத் தகடும் தாமிரத் தகடும் பக்கத்துப் பக்கத்தில் சுருண்டிருக்கின்றன. ஆகவே வெளியிலிருந்து வந்த சாதாரணத் தீகூடத் தாமிரத்தில் ஓட்டை போடும். ஓட்டையின் விளிம்பை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, எக்ஸ்கதிர் நிறமாலையில் தனிம விகிதம் பாருங்கள். விளிம்பில் அலுமினியம் கலந்திருந்தால் அது கலப்புலோக உருகல் என்று கொள்ளலாம். தூய தாமிரக் குமிழ், உருகிய பகுதிக்கும் உருகாத பகுதிக்கும் நடுவே கத்தி வைத்தாற்போன்ற எல்லை, எதிரே இருந்த கடத்தியிலும் அதற்கு நேராகச் சேதம்: இந்த மூன்றும் இருந்தால் மின்பொறி என்று பேச ஆரம்பிக்கலாம். அப்போதும் பொறி தீயை உண்டாக்கியதா, தீ வயரின் உறையை எரித்ததால் பொறி வந்ததா என்ற கேள்வி பாக்கி நிற்கும்.

குடியாத்தம் பக்கம் ஒரு மளிகைக் கடையில் எனக்கு வந்த வேலை சரியாக இப்படிப்பட்டது. கடை முன்னால் ஸ்கூட்டர், உள்ளே ஃப்ரீஸர், மேலே பழைய வயரிங். எல்லாரும் ஸ்கூட்டரைக் கைகாட்டினார்கள். தாமிர ஓட்டைகள் எல்லாவற்றிலும் அலுமினியம் இருந்தது. செல் உறைகளின் கருகல், கடையின் உள்பக்கத்தைப் பார்த்த பக்கத்தில்தான் அதிகம். ஃப்ரீஸர் இணைப்பில் தூய தாமிரக் குமிழ்கள் கிடைத்தன. “பேட்டரி பேக் வெளி வெப்பத்தால் எரிந்தது என்பதோடு இந்தச் சான்றுகள் ஒத்துப்போகின்றன” என்று எழுதினேன். ஃப்ரீஸர்தான் காரணம் என்று எழுதவில்லை. என்னிடம் கேட்கப்பட்டது பேட்டரியைப் பற்றி.

இன்னொன்றையும் தேடுங்கள். செல்லை அளவுக்கு மீறிக் காலியாக்கினால் ஆனோடுத் தகட்டின் தாமிரம் கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேறிடத்தில் படியும். அதுவே பின்னால் உள் ஷார்ட்டுக்கு வழி. மாதக்கணக்கில் ஓட்டாமல் கிடந்த வண்டியில் இது நடக்கலாம். தப்பிய செல் ஒன்றின் பிரிப்பானில் தாமிரம் தெரிந்தால் அந்த ஒரு செல் முழு பேக்கின் சரித்திரத்தைச் சொல்லக்கூடும்.

பேட்டரியைத் தாண்டியும் உங்கள் கை பேசும். இரவு விபத்தில் வண்டியின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்பதை பல்பின் டங்ஸ்டன் இழை காட்டும்: எரிந்துகொண்டிருந்த இழை மோதலில் நீண்டு கோணும், அணைந்திருந்த இழை பளபளப்பாக முறியும். முறிந்த அச்சில் அலை அலையான வரிகள் இருந்தால் நாள்பட்ட சோர்வு முறிவு, நுண்ணோக்கியில் குழிகள் நிறைந்திருந்தால் ஒரே இழுப்பில் முறிந்தது. துப்பாக்கிச் சூட்டு எச்சத்தில் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒரே துகளில் தேடுவதும் நீங்கள் கேத்தோடு துகள் பார்த்த அதே நுண்ணோக்கியில்தான்.

சம்பவ இடத்தில்

எரிந்து அணைந்த பேக் செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். மணிக்கணக்கு கழித்தும், சில சமயம் நாள் கழித்தும் மறுபடி பற்றும். காவல் நிலையத்தில் பறிமுதல் பொருள்கள் வைக்கும் அறையில் மரச்சாமானோடும் துணி மூட்டையோடும் அதைப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் அந்த எஸ்.ஐ.யிடம் மரியாதையாக ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: திறந்த வெளி, கூரை நிழல், கட்டடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி, சுற்றிலும் எரியும் பொருள் எதுவும் இல்லாமல். மே மாத வெயிலில் சித்தூர் காயும்போது நிழல் கட்டாயம். உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கலாமா என்று யாராவது கேட்டால், பாதுகாப்புக்காக வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய வேண்டாம் என்பேன். முனைகள் அரித்துப்போகும், பாதித் தடயம் தண்ணீரோடு போகும். போட்டே ஆக வேண்டும் என்றால் படம் எடுத்து, நேரத்தைக் குறித்த பிறகு.

செல்லுக்குள் இருக்கும் திரவமான மின்பகுளியில் உள்ள லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். அமில வாயு வடிகட்டி உள்ள முகக்கவசம், கண்ணாடி, நைட்ரைல் கையுறை இல்லாமல் கரியைக் கிளறாதீர்கள். பக்கத்தில் குனிந்து பார்க்கும் கான்ஸ்டபிளுக்கும் ஒன்று கொடுங்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் சந்தேகம் இருந்தால் மாதிரியைச் சாதாரண பாலித்தீன் பையில் போடக் கூடாது, ஆவி ஊடுருவிப் போய்விடும். காற்றுப் புகாத புதுத் தகர டப்பா, அல்லது இதற்கென்றே உள்ள நைலான் பை. எரியாத இடத்திலிருந்தும் அதே தரை, அதே துணியில் ஒரு ஒப்பீட்டு மாதிரி எடுங்கள். ஒவ்வொரு மாதிரியும் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதி, எந்த நேரம் போனது என்பது விட்டுப்போகாமல் எழுதப்பட வேண்டும்.

சாட்சிகளிடம் பேசுவது தனிக் கலை. “ஷார்ட் சர்க்யூட் ஆச்சா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, “முதல்ல என்னம்மா வந்தது, சத்தமா, புகையா, தீயா?” என்று கேளுங்கள். புகை வெள்ளையா, கறுப்பா? பட் பட்டென்று வெடித்ததா, ஒரே சத்தமா? கடைசியாக வண்டி எப்போது ஓடியது? மழையில் நின்றதா? சார்ஜர் வண்டியோடு வந்ததா, வெளியில் வாங்கியதா? பேட்டரியைத் திறந்து யாராவது செல் மாற்றினார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். ரிப்பேர் செய்தவர் பெரும்பாலும் தெரிந்த பையனாக இருப்பான். காத்திருங்கள். மாற்றிப் போட்ட செல் அளவில் ஒன்றாக இருந்தாலும் உறையின் அச்சிலும் வெல்டிங் புள்ளிகளிலும் வித்தியாசம் காட்டிக்கொடுக்கும்.

எல்லையில் வேலை செய்வது

சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பதிவுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் மகஜர் என்று பெயர், ஆந்திரப் பக்கம் பஞ்சநாமா. சாட்சிக் கையெழுத்துக்கு இங்கே கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ., அங்கே கிராம வருவாய் அலுவலரான வி.ஆர்.ஓ. வருவார். ஆந்திரப் பக்கம் குடிபாலாவில் எரிந்த வண்டி காட்பாடிக்காரருடையதாக இருக்கும். வழக்கு சித்தூர் மாவட்டக் காவல் நிலையத்தில், காப்பீட்டுக் கோரிக்கை வேலூர்க் கிளையில். பொருள் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே பயணப்பட்டால் ஒவ்வொரு முறையும் முத்திரையின் நிலையைப் படம் எடுத்து, நீதிமன்ற அனுமதிக் கடிதத்தின் நகலோடு அனுப்புங்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரின் வாக்குமூலம் தெலுங்கில் எழுதப்பட்டிருந்தால், அதைப் படித்துக் காட்டியது யார் என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஆய்வுக்கு அந்த வாக்குமூலத்தை ஆதாரமாக வைக்காதீர்கள்.

சட்டத்தில் எவ்வளவு தெரிய வேண்டும்

வக்கீல் ஆக வேண்டியதில்லை. சில பிரிவுகள் போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்கிறது; மாநிலங்கள் இதைக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் உண்டு. இனி ஆள் தேவை கூடும் என்பதற்கு இதுவே காரணம். அதே சட்டத்தின் 329-ஆம் பிரிவு, அரசின் குறிப்பிட்ட அறிவியல் நிபுணர்களின் அறிக்கையை நேரடியாகச் சான்றாக ஏற்கலாம் என்கிறது. தனியாராக வேலை செய்யும் என்னைப் போன்றவர் கூண்டில் ஏறித்தான் அறிக்கையை நிலைநாட்ட வேண்டும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு நிபுணர் கருத்தைப் பற்றியது, 63 மின்னணுப் பதிவுகளைப் பற்றியது. பேட்டரி மேலாண்மைப் பலகையின் நினைவகத்திலிருந்து தரவு எடுத்தாலும், செல்போனில் படம் எடுத்தாலும், 63-ஆம் பிரிவுச் சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் தேவைப்படும். முதல் நாளே எடுத்து வையுங்கள்.

வேலைக்குச் சேரும் வழிகள் மூன்று. மாநில ஆய்வகம் என்றால் தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி., கேரளத்தில் அந்த மாநில பி.எஸ்.சி. மத்திய ஆய்வகங்களுக்கு யு.பி.எஸ்.சி. அறிவிக்கையில் எழுதியிருக்கும் பட்டப்பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். வேதியியல், இயற்பியல் என்று இருக்கும். பொருளறிவியல் என்ற பெயர் இல்லாமல் போகலாம், உங்கள் முதுநிலைப் பட்டம் அப்போது முக்கியம். இரண்டாவது, காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிப்பது. 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. முனைவர் பட்டம் உள்ளவர் மறுபடி இரண்டாண்டு முதுநிலை படிக்க வேண்டியதில்லை, குறுகிய பயிற்சியே போதும் என்பது என் கருத்து. மூன்றாவது என்னுடைய வழி: தரச்சான்று பெற்ற ஓர் ஆய்வகத்தோடு ஒப்பந்தம், சர்வேயர்களோடு பழக்கம். வருமானம் ஆலைச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் தொடங்கும், பணம் தாமதமாக வரும். கையிருப்பு இல்லாமல் வேலையை விடாதீர்கள். நுகர்வோர் ஆணைய வழக்குகளில் தொடங்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, பொதுவாக 45 நாளில் அறிக்கை கேட்கும். ஒழுங்கு பழக நல்ல இடம்.

அறிக்கையும் கூண்டும்

டெக்ஸாஸில் கேமரன் டாட் வில்லிங்ஹாமின் வீடு 1991-இல் எரிந்து அவருடைய மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் வலைபோன்ற விரிசல் இருந்தது, தரையில் விசித்திரமான கருகல் இருந்தது, ஆகவே எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினார் என்று விசாரணையாளர்கள் சாட்சி சொன்னார்கள். 2004-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சூடான கண்ணாடியில் தீயணைப்புத் தண்ணீர் பட்டுத் திடீரெனக் குளிர்ந்தாலே அந்த விரிசல் வரும். வெப்ப அதிர்ச்சி என்று நாம் இளநிலையில் படித்த பாடம். அந்த வழக்கின் தீ ஆய்வில் அறிவியல் அடிப்படை இல்லை என்று பிறகு பல தீ வல்லுநர்கள் எழுதினார்கள். இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்த வழக்கைப் படிக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். நம் கையெழுத்தின் எடை என்ன என்று அது காட்டும். தீ விசாரணைக்கு அமெரிக்கத் தீத் தடுப்புச் சங்கம் 1992 முதல் வெளியிட்டுவரும் 921 வழிகாட்டியையும் முழுக்கப் படியுங்கள்.

அதனால் பழக வேண்டிய ஒழுங்கு சில உண்டு. போலீஸ் சொல்லும் கதையை, உரிமையாளரின் கதையை, மாதிரியைப் பார்க்கும் முன் கேட்காதீர்கள். முதலில் பார்த்ததை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் கேளுங்கள். இரண்டு விளக்கங்களையாவது எதிரெதிரே வைத்து, ஒவ்வொரு சான்றும் எதற்கு அதிகம் துணை நிற்கிறது என்று எழுதுங்கள். “நிரூபணமானது” என்ற சொல் உங்கள் அறிக்கையில் வேண்டாம். அது நீதிபதியின் வேலை. என்ன கேட்டார்கள், என்ன வந்தது, முத்திரை எப்படி இருந்தது, என்ன செய்தீர்கள், என்ன தெரிந்தது, உங்கள் கருத்து என்ன, எதைச் சொல்ல முடியாது. இந்த ஏழும் இருந்தால் அறிக்கை நிற்கும்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் “நீங்கள் பேட்டரி செய்தவர்தானே, தீயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கட்டாயம் கேட்பார். கோபப்பட வேண்டாம். உங்கள் படிப்பு எது, எதில் பயிற்சி எடுத்தீர்கள், எதில் எடுக்கவில்லை என்று மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சாட்சியை நீதிபதிகள் கவனித்துக் கேட்கிறார்கள். வேலூரில் தமிழில் விளக்கத் தயாராகப் போங்கள், சித்தூரில் தெலுங்கிலும். “கேத்தோடு” என்று தொடங்காமல், “பேட்டரியின் நேர்முனைப் பொருள்” என்று தொடங்கினால் யாரும் இடையில் நிறுத்த மாட்டார்கள்.

சம்மன் பல ஆண்டு கழித்து வரலாம். அதற்குள் நீங்கள் ஊர் மாறியிருப்பீர்கள், கருவி மாறியிருக்கும். எண்ணிட்ட பக்கங்கள் உள்ள, தைத்த நோட்டில் மையால் எழுதி வையுங்கள். நுண்ணோக்கிப் படங்களின் மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். அழைப்பு வந்ததும் அசல் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நகல் மட்டும் கொண்டு போனால் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.